கேட்டில் தொலையும் தூக்கம்

சங்ககிரியில் லாரி நிற்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்து பைபாஸ் வரைக்கும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ், டயர் கடை, பட்டை மாற்றும் பட்டறை, தார்ப்பாய் தைக்கிற கடை என்று ஊரே லாரியை நம்பி நிற்கிறது. பக்கத்தில் நாமக்கல் டேங்கருக்கும் பாடி கட்டுவதற்கும், திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்கும் பேர் போனவை. ராத்திரி வண்டி ஓட்டுகிற ஆள் கண் அசந்துவிடாமல் இருக்க ஒரு கம்பெனி என்னதான் செய்ய முடியும் என்று பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வருவதுதான் முறை.

நான் போனது நாற்பது வண்டி வரைக்கும் வைத்திருக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனிக்கு. பேர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டேன். "டிரைவரத் தூங்க வெக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்கன்னு ஊரே சிரிக்குமுங்க" என்றார் சூப்பர்வைசர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அப்பாவும் லைன் டிரைவராக இருந்தவராம்.

போகும்போது சாயங்காலம் ஆறு தாண்டியிருந்தது. ஆபீஸ் சுவரில் பெரிய டிவி. அதில் ஜிபிஎஸ் புள்ளிகள் பச்சையும் சிவப்புமாய் ஊர்ந்துகொண்டிருந்தன. அதைக் காட்டித்தான் விளக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் டிராயரைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டார். பள்ளிக்கூட ரூல் நோட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. வண்டி நம்பர், டிரைவர் பேருக்கு அடுத்து இருந்த கட்டங்களைத்தான் நான் வேறெங்கும் பார்த்ததில்லை: எழுந்த நேரம், கேட்டுக்கு வந்த நேரம், உள்ளே விட்ட நேரம், லோடு ஏறி முடிந்த நேரம், பில் கைக்கு வந்த நேரம், வண்டி எடுத்த நேரம், கடைசியாகப் படுத்தது எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்.

அன்றைய வரிசை ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினார். கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் வார்ப்பு ஏற்றிக்கொண்டு ஓசூருக்குப் போகிற பதினாலு வீல் வண்டி. எழுந்தது 5.00. கேட்டுக்கு வந்தது 6.40. உள்ளே விட்டது 1.15. ஏற்றி முடிந்தது 5.50. மீதிக் கட்டங்கள் காலி. ஏழரை மணிக்குப் போன் வந்தது, பில் கிடைத்துவிட்டது என்று. எட்டு மணிக்கு வண்டி எடுத்தாயிற்று. இரண்டையும் எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"கணக்குப் பாத்தா எட்டு மணிக்குத்தானுங்க டூட்டியே ஆரம்பிக்குது. ஆனா ஆளு காலைல அஞ்சு மணியிலிருந்து முழிச்சிருக்கறாரு."

நான் தேடிப் போன விஷயம் அந்த ஒரு வரியிலேயே இருந்தது. தூக்கக் கலக்கம் என்றால் நமக்கு ராத்திரி மூன்று மணியும் ஆளில்லாத நாலுவழிச் சாலையும்தான் ஞாபகம் வரும். விபத்து நடப்பது அங்கேதான். தூக்கம் தொலைவதோ அதற்கு முந்தைய பகலில், ஏதோ ஒரு தொழிற்சாலையின் கேட்டுக்கு வெளியே. கேபினில் படுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். வெயிலில் நிற்கும் லாரி கேபினுக்குள் பகல் பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். சூடு தணிந்தாலும் படுக்க விடாது. முன் வண்டி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும், நகராவிட்டால் பின்னால் இருப்பவன் நுழைந்துவிடுவான். டோக்கன் நம்பரை வாட்ச்மேன் வாயால்தான் கூப்பிடுவார். அந்த நேரத்தில் ஆள் இல்லை என்றால் நம்பர் கடைசிக்குப் போய்விடும். ஒரு கண்ணைத் திறந்து வைத்தே கிடக்க வேண்டிய ஆறரை மணி நேரம் அது.

அடிலெய்டைச் சேர்ந்த ட்ரூ டாசன், கேத்தரின் ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். ஆட்களை ஒரு முறை தூங்கவிடாமலும், இன்னொரு முறை சாராயம் கொடுத்தும் கை-கண் ஒத்துழைப்பைச் சோதித்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் ஏறியவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று தெரியவந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் ஏறக்குறைய 0.10. நம் மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதத்தோடு எல்லை கட்டுகிறது. நோட்டில் இருந்த அந்த டிரைவர் ஒரு சொட்டுத் தொடாமலே ராத்திரி பத்து மணிக்கு அந்த எல்லையைத் தாண்டியிருப்பார். குடித்தவரைப் பிடிக்க ஊதுகுழல் கருவி இருக்கிறது. தூங்காதவரைப் பிடிக்க எதுவும் இல்லை.

எழுத்திலும் அது பதிவாவதில்லை. எந்த ஸ்டேஷனில் எந்த விபத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்றுதான் வாசகம் தொடங்கும். பிரேக் அடித்த தடயமே சாலையில் இல்லாத விபத்துக்கும் அதே வாசகம்தான். தூங்கிவிட்டவர் எங்கே பிரேக் அடிப்பது? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் பெரும்பங்கு அதிவேகத்தின் கணக்கில் இருக்கிறது. குடி, செல்போன், சிவப்பு விளக்கை மீறியது, எதிர்த்திசையில் வந்தது எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, தூக்கத்துக்கு மட்டும் இல்லை. கட்டம் இல்லாத காரணத்துக்கு யாரும் காசு ஒதுக்கப் போவதில்லை. சூப்பர்வைசர் தன் நோட்டில் தானே ஒரு கட்டம் போட்டுக்கொண்டது எனக்குப் பெரிய காரியமாகவே பட்டது.

சட்டம் இல்லாமலில்லை. 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி ஓய்வு வேண்டும், ஒரு நாள் டூட்டி முடிந்து அடுத்த டூட்டிக்கு முன் ஒன்பது மணி நேரம் தொடர்ந்து விட வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களை அது தொடவில்லை, நம் ஊரில் லாரி வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேரோ ஒன்றிரண்டு வண்டிக்காரர்கள். அதைவிட எனக்கு உறுத்தியது வேலை நேரத்துக்கு அந்தச் சட்டம் கொடுத்த விளக்கம். வண்டி ஓடும் நேரம் உண்டு, அதைச் சார்ந்த வேலைகள் உண்டு, முனையங்களில் சும்மா காத்திருக்கும் நேரமும் உண்டு. ஆனால் அந்தக் காத்திருப்பு 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் என்று பேர் சொல்லிச் சேர்த்தது. ஆறரை மணி நேரம் காத்திருந்தவர் எந்தக் கணக்கில் வருவார்? ஒரு நாள் வேலையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்ற இன்னொரு பிரிவை வைத்து வேண்டுமானால் வாதாடியிருக்கலாம். இப்போது அந்தச் சட்டத்தையே 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு உள்வாங்கிக்கொண்டுவிட்டது. அமெரிக்காவில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம், அதையும் டூட்டிக்கு வந்ததிலிருந்து 14 மணி நேரத்துக்குள் ஓட்டி முடித்துவிட வேண்டும். சரக்கு ஏற்றுமிடத்தில் காத்துக்கிடந்தாலும் அந்த 14 மணிக் கடிகாரம் பொதுவாக நிற்காது. வண்டியிலேயே பொருத்திய கருவி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். காக்கவைத்தவனின் சரக்குதான் கடைசியில் தாமதமாகும்.

டிரைவர் முகத்தைக் கவனிக்க வண்டிகளில் வைத்திருக்கும் கேமராவைப் பார்க்கலாமா என்றேன். யார்டில் நின்ற ஒரு வண்டியில் ஏற்றி என்னையே ஸ்டியரிங் முன் உட்கார வைத்தார். டேஷ்போர்டு மேல் உள்ளங்கை அளவு பெட்டி, முகத்தைப் பார்த்தபடி. அகச்சிவப்பு வெளிச்சத்தில் இமையைக் கவனிக்கிறது. ராத்திரியிலும் வேலை செய்யும். கண்ணை மூடினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றைத் தொடுவதற்குள் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கத்தல். பக்கத்தில் நின்ற கிளீனர் பையன் சிரித்துவிட்டான்.

"கத்துறது சரிங்க. கண்ணு மூடுனதுக்கு அப்புறந்தானுங்களே கத்துது?" என்றார் சூப்பர்வைசர்.

அறுபதில் போகிற லாரி நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கருவி விழித்துக்கொண்டு, ஆள் விழித்துக்கொண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் போயிருக்கும். எதுவும் இல்லாததற்கு அது மேல். ஆனால் டிரைவர்களுக்கு அதைப் பிடிக்காது. சிரித்தால் கத்துகிறது, பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் நேரம் பார்த்தால் கத்துகிறது என்று துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு கத்தலுக்கும் படியில் பிடித்தம் போட்டார்களாம். அந்த மாதமே ஊரிலுள்ள துண்டெல்லாம் டேஷ்போர்டுக்கு வந்துவிட்டது. பிடித்தத்தை நிறுத்திய பிறகுதான் துண்டு எடுபட்டது. இப்போது கத்தல் விழுந்தால் மறுநாள் நோட்டைப் புரட்டி, அந்த ஆள் முந்தைய பகலில் எந்த கேட்டில் நின்றார் என்று பார்க்கிறார்கள். ஒரே கேட் திரும்பத் திரும்ப வந்தால் அந்த பார்ட்டியைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். கேமராவுக்கு இதைவிட நல்ல உபயோகம் இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

யார்டின் பின்பக்கம் பழைய குடோனைத் தடுத்து டிரைவர்களுக்கு ரூம் கட்டியிருக்கிறார்கள். இரண்டடுக்குக் கட்டில்கள், ஏ.சி., ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வாசலில் செல்போன் வைக்க மரப் பலகையில் குழிகள். போனை அங்கே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டிலிருந்து அவசரமாய் யாராவது கூப்பிட்டால் வாட்ச்மேன் எழுப்புவார், புரோக்கர் கூப்பிட்டால் மாட்டார். பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் பகலில் எழுப்பிவிடப் பார்க்கும். இருட்டும் குளிரும் சத்தமின்மையும் கொடுத்தால்தான் ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். கடைசி 24 மணி நேரத்தில் ஆறு மணி நேரமாவது படுக்காத ஆளுக்கு ராத்திரி வண்டி கிடையாது என்பது இங்கே கட்டளை.

அந்த ரூமுக்கு எதிர்பாராத இன்னொரு பலனும் உண்டாம். ஒருவருடைய குறட்டையைத் தாங்க முடியவில்லை, வேறு ரூம் கொடுங்கள் என்று மற்றவர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் அவரைச் சேலத்துக்கு அனுப்பி டாக்டரிடம் காட்டியிருக்கிறார். தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டு விடுகிற கோளாறு. எட்டு மணி நேரம் கட்டிலில் கிடந்தாலும் உண்மையில் தூங்காதவர் மாதிரிதான் எழுவார். உட்கார்ந்தே வேலை, தொப்பை, தடித்த கழுத்து என்று லாரிக்காரர்களுக்கு இது வர எல்லா வாய்ப்பும் உண்டு. இப்போது மூக்கில் காற்றழுத்தம் கொடுக்கும் மெஷினைப் பையில் வைத்துக்கொண்டுதான் வண்டி ஏறுகிறாராம். மற்ற டிரைவர்கள் அவருக்கு ‘ஆக்சிஜன்’ என்று பட்டப்பேர் வைத்துவிட்டார்கள்.

கேபின் ஏ.சி. பற்றியும் கேட்டேன். 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்குக் கேபினில் ஏ.சி. இருந்தே ஆக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஓட்டும்போது பெரிய ஆறுதல். நிற்கும்போது? என்ஜினை ஓட விட்டால்தான் ஏ.சி. ஓடும், மணிக்கு இரண்டு லிட்டராவது டீசல் போகும். அந்த டீசல் யார் கணக்கு என்பதில்தான் சண்டை. பழைய வண்டிகளோ இன்னும் பத்து வருஷத்துக்கு ரோட்டில் ஓடும்.

பதினொரு மணிக்கு அந்தப் பதினாலு வீல் வண்டி யார்டுக்குள் நுழைந்தது. கோவையிலிருந்து ஓட்டி வந்தவர் இறங்கி, சாவியைக் கொடுத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரூமுக்குப் போய்விட்டார். இங்கிருந்து ஓசூருக்கு வேறு ஆள். என்னிடம் பேசக்கூட நிற்கவில்லை. கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. அப்போதே பதினெட்டு மணி நேரம். நான் நோட்டைப் பார்த்தேன், சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "அதுவும் தப்புதானுங்க. கோயமுத்தூர்லயும் ஒரு ஆளப் போடோணும். ஓனருகிட்டச் சொல்லிட்டேதான் இருக்கறேன்" என்றார்.

இப்படி ஆள் மாற்றி ஓட்டுவது புதிதல்ல. 2014-ல் தொடங்கிய ரிவிகோ என்ற குர்கான் கம்பெனி இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. நாலைந்து மணி நேர தூரத்துக்கு ஓர் இடம், அங்கே சரக்கோடு வண்டி கைமாறும், டிரைவர் எதிரில் வரும் வண்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புவார். அந்தக் கம்பெனியின் எக்ஸ்பிரஸ் சரக்குத் தொழிலை 2022-ல் மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கிக்கொண்டது. எல்லா ரூட்டுக்கும் இது ஒத்துவராது. போகவும் வரவும் ஒரே அளவு லோடு இருக்கிற ரூட்டில்தான் கணக்கு கட்டும். முன்பெல்லாம் நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்றே விதி இருந்தது. 2018-ல் அதை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்பும் இரண்டாவது டிரைவர் பெரும்பாலும் பேப்பரில்தான் இருந்தார் என்பது லாரித் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நிஜமாகவே இருவர் போனாலும், குலுங்குகிற கேபினில் பின் பலகையில் கிடப்பவர் தூங்கினார் என்று சொல்ல முடியாது.

சங்ககிரியில் ஏறிய டிரைவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. காலை பதினொரு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை அந்த ரூமில் தூங்கியவர். பதினொன்றரைக்கு எடுத்தார். நான் பக்கத்து சீட்டில். சேலம் தாண்டும் வரை பேச்சு கலகலப்பாக இருந்தது. மகள் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள், மகனுக்கு லைசென்ஸ் எடுத்துத் தர மாட்டேன் என்றார். டோல் தாண்டும்போதெல்லாம் ஃபாஸ்டேக் மெசேஜ் ஆபீஸ் போனுக்குப் போகிறது. "முன்னெல்லாம் கிருஷ்ணகிரி டோலு சீக்கிரம் வுழுந்துச்சுன்னா ஓனரு சபாசும்பாரு. இப்ப அந்தத் தம்பி போன் பண்ணி ஏண்ணா இத்தனை அவசரம்ங்கறாப்ல."

தொப்பூர் கணவாய் நமக்கு ஏற்றம். எதிர்ப்பக்கம் தர்மபுரியிலிருந்து இறங்குகிற பாதைதான் பேர் கெட்டது. லோடோடு வருகிற வண்டிகள் இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்து முன்னால் போவதையெல்லாம் இடித்துத் தள்ளிய விபத்துகள் அங்கே நிறைய. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது ஒரு காரணம். மைசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவர்கள் விடியற்காலையில் அந்த இறக்கத்துக்கு வந்து சேர்வது இன்னொன்று. "கியர்ல எறங்கோணும்னு தெரியாதவன் எவனுமில்லீங்க. அந்த நேரத்துக்கு மண்டை வேல செய்யோணுமில்ல" என்றார்.

தர்மபுரி தாண்டியதும் பேச்சு குறைந்தது. நான் அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். கொட்டாவி வரவில்லை. முதலில் வந்தது எரிச்சல். முன்னால் போன மினி வேன் இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதற்கு, வழக்கத்துக்கு மீறி நீளமாய் ஹாரன் அடித்தார். அப்புறம் ஆக்சிலேட்டர் கால் நிலையில்லாமல் போனது: ஐம்பத்தைந்து, நாற்பத்தெட்டு, மறுபடி ஐம்பத்தாறு. ஒரு முறை கோட்டை லேசாய்த் தொட்டு மீண்டார். கேமரா கத்தவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

"தூக்கம் வர்றதுக்கு முந்தி கோவம் வருமுங்க. அத வெச்சுத்தான் நானு கண்டுபிடிக்கறது" என்று அவராகவே சொல்லிவிட்டு, காரிமங்கலத்துக்கு முன்னால் வெளிச்சமான ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஓரம் கட்டினார். மணி இரண்டே முக்கால். பகலில் ஆறு மணி நேரம் தூங்கிய மனிதருக்கும் அந்த நேரத்தில் உடம்பு இறங்கத்தான் செய்கிறது. இரண்டிலிருந்து ஐந்து மணி வரைக்கும் அப்படித்தான் மனித உடம்பு அமைந்திருக்கிறது.

எத்தனையோ டிரைவர்கள் எத்தனையோ வித்தை சொல்வார்கள். பச்சை மிளகாயைக் கடிப்பது, கண்ணுக்குக் கீழே விக்ஸ் தடவுவது, பாட்டைக் கூட்டி வைப்பது, கண்ணாடியை இறக்கி முகத்தில் காற்று படவிடுவது, வாயில் ஹான்ஸ் புகையிலை வைத்துக்கொள்வது. சில மாவட்டங்களில் போலீஸாரே வண்டியை நிறுத்தி முகம் கழுவச் சொல்வார்கள், டீயும் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் ஜிம் ஹார்னும் லூயிஸ் ரேனரும் தொண்ணூறுகளில் இதையெல்லாம் சோதித்துப் பார்த்தார்கள். குளிர்காற்றும் ரேடியோவும் சில நிமிடத்துக்குத்தான். வேலை செய்தவை இரண்டு: காபியும், கால் மணி நேரக் கோழித் தூக்கமும். காபி குடித்த உடனே படுத்துவிடுவது இன்னும் நல்லது. காஃபீன் ரத்தத்தில் ஏறி வேலையைத் தொடங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் தூக்கத்தை முடித்துக்கொள்ளலாம்.

நம் டிரைவருக்கு இந்த ஆராய்ச்சி தெரியாது, முறை தெரிந்திருந்தது. பங்க் ஓரக் கடையில் ஸ்ட்ராங்காய் ஒரு காபியைச் சூட்டோடு குடித்துவிட்டு, சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் சாய்ந்தார். போனில் இருபது நிமிடத்துக்கு அலாரம். எப்போது தூங்கினார் என்று தெரியவில்லை, அவ்வளவு சீக்கிரம். ஏன் பங்க்கில்தான் நிறுத்த வேண்டும் என்பது கீழே இறங்கி நின்றபோது புரிந்தது. இருட்டில் சாலை ஓரம் நிறுத்தினால் டேங்கில் டீசல் போகும், பேட்டரி போகும், தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கு போகும். பின்னால் வருகிற எவனாவது கண் அசந்து வந்து மோதவும் மோதுவான். எண்ணெய் நிறுவனங்கள் சில பங்க்குகளில் கட்டில், குளியலறை, சமையல் மேடையோடு ‘அப்னா கர்’ என்று கட்டிக் கொடுத்திருக்கின்றன. அந்த மாதிரி இடம் வேண்டிய நேரத்தில் வேண்டிய கிலோமீட்டரில் வர வேண்டும், நிறுத்த இடமும் காலியாக இருக்க வேண்டும். நாங்கள் நின்ற பங்க்கில் கட்டில் இல்லை, வெளிச்சமும் ஒரு வாட்ச்மேனும் இருந்ததே போதுமாக இருந்தது.

அலாரம் அடித்தது. எழுந்ததும் சாவியைப் போடவில்லை. இறங்கினார், டயரை ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்று வந்தார், தண்ணீர் குடித்தார். "எந்திரிச்ச கையோட ஸ்டியரிங் புடிக்கக் கூடாதுங்க. அது தூங்கறத விட மோசம்." பத்து நிமிடம் கழித்துத்தான் எடுத்தார். அதன் பிறகு ஸ்பீடோமீட்டர் முள் ஐம்பதில் அப்படியே நின்றது. சூளகிரி வரும்போது மகளின் காலேஜ் ஃபீஸ் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஓசூர் கேட்டுக்கு வரும்போது ஐந்தரை. எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து வண்டிகள். எட்டரைக்கு ஸ்டோர் ஆள் வந்தால்தான் டோக்கன் என்றார் செக்யூரிட்டி. உள்ளே தொழிலாளர்களுக்குப் பளபளவென்று கேன்டீன் தெரிந்தது. லாரிக்காரர்களுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, இரண்டு சிமென்ட் பெஞ்சு. முன் வண்டிக்காரர் ஒருவர் ஸ்டியரிங் மேலேயே தலையைக் கவிழ்த்திருந்தார். அவர் இன்று ராத்திரி எங்கே போகப் போகிறாரோ.

எங்கள் வண்டியின் கதவை உள்ளூர்ப் பையன் ஒருவன் வந்து தட்டினான். கம்பெனி ஓசூரில் வைத்திருக்கும் ஆள். அவனிடமும் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. அவன் வேலை கேட்டில் நிற்பது மட்டும்தான்: வரிசையில் நகர்த்துவது, டோக்கன் வாங்குவது, இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்குவது. லைன் டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு எடுத்திருக்கும் ரூமுக்குப் போய்விடலாம். கம்பெனி செய்கிற எல்லாவற்றிலும் செலவு குறைவானதும் பலன் கூடியதும் இந்தப் பையன்தான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஆள் சம்பளம்தான் செலவு. இத்தனைக்கும் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியது, வண்டியைத் தெருவில் நிறுத்தி வைக்கிற தொழிற்சாலை. நேரத்துக்கு ஒரு வண்டி என்று அவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பையனும் வேண்டாம், ரூமும் வேண்டாம். எட்டு மணிக்குச் சரக்கு வந்தே தீர வேண்டும் என்று கண்டிப்பாய் ஒப்பந்தம் எழுதுகிறவர்கள், எட்டு மணிக்கு கேட்டைத் திறப்போம் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதுவதில்லை.

பத்தரை மணிக்கு நானும் அந்த ரூமுக்குப் போனேன். டிரைவர் எழுந்து லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டடத்தில் டைல்ஸ் அறுக்கிற சத்தம் ரூமையே அதிரவைத்தது. போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டார். சங்ககிரி சூப்பர்வைசர். சாயங்காலம் நாலு மணிக்கு ரிட்டர்ன் லோடு இருக்கிறது.

"எத்தனை மணிக்குண்ணா படுத்தீங்க?"

"ஆறரைக்குத் தம்பி."

"எந்திரிச்சது?"

"பத்துக்கே முழிப்பு வந்துருச்சு. பக்கத்துல கல்லு அறுக்கறானுக."

"மூணரை மணி நேரம். இந்த நடை உங்களுக்கு வேண்டாம்ணா. கிருஷ்ணகிரியில இருக்கறவர வரச் சொல்றேன். நீங்க ராத்திரி தூங்கிட்டு நாளைக்குக் காலைல எடுங்க."

டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்பப் படி?"

"நிக்கற நாளைக்குப் பாதிப் படி உண்டுல்லண்ணா."

"பாதில என்ன தம்பி பண்றது? புள்ளைக்கு ஃபீஸ் கட்டோணும். முழுசாக் குடுன்னா நாளைக்கும் சேத்தித் தூங்கறேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.